புன்னகைக்குப் பன்னிரண்டரை விழுக்காடு

ஒரு பாரின் கவுன்டருக்கு இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் ஊற்றுகிறவர், மறுபக்கம் குடிக்கிறவர். பெண் எந்தப் பக்கம் நிற்கலாம், என்ன நிபந்தனையில் நிற்கலாம் என்பதைப் பெரும்பாலும் பெண்கள் தீர்மானித்ததில்லை. லண்டனின் அமெரிக்க பாணி பார்-உணவகங்களை இந்தக் கேள்வியை வைத்து வாசிக்க விரும்புகிறேன். அவை தம்மைச் சமத்துவத்தின் இடமாக முன்வைக்கின்றன. மேசைவிரிப்பு கிடையாது, உடைக் கட்டுப்பாடு கிடையாது, பரிமாறுகிறவர் தோழியைப் போலப் பேசுவார். இந்தத் தோழமைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

முதலில் ஊற்றுகிறவரின் பக்கம். சவாய் ஹோட்டலின் ‘அமெரிக்கன் பார்’ லண்டனில் புகழ்பெற்றது. பனிக்கட்டி போட்டுக் கலக்கும் காக்டெயில் என்ற அமெரிக்கப் பழக்கத்துக்காக வந்த பெயர் அது. 1903 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே தலைமைப் பொறுப்பில் நின்று மது கலந்தவர் ஏடா கோல்மன் என்ற பெண். களைத்து வரும் நடிகர் சார்லஸ் ஹாட்ரிக்காக அவர் உருவாக்கிய ‘ஹாங்கி பாங்கி’ இன்றும் உலகெங்கும் கலக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்ததும் அங்கே வேலை பார்த்துவந்த ஹாரி கிராடக் லண்டன் திரும்பி இதே பாரில் சேர்ந்தார். 1930இல் வெளிவந்த சவாய் காக்டெயில் நூல் அவர் பெயரால் அறியப்படுகிறது. கோல்மனின் கலவையும் அதில் இருக்கிறது. கோல்மனுக்குப் பிறகு அந்தப் பாரின் தலைமைப் பொறுப்புக்கு இன்னொரு பெண் வர 2021 ஆகிவிட்டது. கைப்பக்குவமாக இருந்தவரை பெண்ணிடம் இருந்தது, கலை என்று பெயர் வாங்கியதும் ஆணிடம் போனது. சமையலிலும் நெசவிலும் மருத்துவத்திலும் நாம் பார்த்து அலுத்த கதைதான்.

அடுத்து, குடிக்கிறவரின் பக்கம். ஃப்ளீட் தெருவில், பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடும் எல் வினோ என்ற மது விடுதியில், பெண்கள் கவுன்டரில் நின்று மது வாங்க முடியாது. பின்னறையில் மேசையில் அமர்ந்தால் கொண்டுவந்து தருவார்கள். வழக்கறிஞர் டெஸ் கில்லும் பத்திரிகையாளர் அன்னா கூட்டும் வழக்குத் தொடுத்தார்கள். பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1975இலேயே வந்திருந்தும், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 1982இல்தான். ஆண்கள் செய்தியையும் செல்வாக்கையும் பரிமாறிக்கொண்ட இடம் அந்தக் கவுன்டர். அங்கே நிற்க முடியாமல் போவது தொழிலில் பின்தங்குவதும்தான்.

இப்படிப்பட்ட லண்டனுக்குத்தான் 1971இல் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் ஹார்ட் ராக் கஃபேயைக் கொண்டுவந்தார்கள். 1986இல் பர்மிங்காம் வழியாகப் பிரிட்டனுக்குள் வந்தது டி.ஜி.ஐ. ஃப்ரைடேஸ். 1965இல் நியூயார்க்கில் இதைத் தொடங்கிய ஆலன் ஸ்டில்மன், தன் நோக்கத்தை மறைத்ததே இல்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்த விமானப் பணிப்பெண்களையும் மற்ற இளம்பெண்களையும் சந்திக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஆக, பெண்ணை வரவேற்ற பாரில் பெண் தூண்டில் புழுவாகவும் இருந்தாள்.

பிரிட்டிஷ் நூலகத்தில் பழைய தமிழ் அச்சுநூல்களைப் பார்க்கப் போயிருந்த நாட்களில், ஒரு மாலை, மத்திய லண்டனில் இந்த வகை உணவகம் ஒன்றில் தனியாகச் சாப்பிட்டேன். சுவரெங்கும் கார் எண் தகடுகள், பேஸ்பால் மட்டைகள், குட்டைப் பாவாடையில் கண்சிமிட்டும் பெண்களின் பழைய விளம்பரப் படங்கள். ஒருவருக்கென்று வந்த தட்டில் இரண்டு பேருக்கான பர்கரும் உருளை வறுவலும் இருந்தன. கூட யார் வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்குப் பெண் தனியாக ஓட்டலில் உட்கார்ந்தால் நான்கு மேசைகள் திரும்பிப் பார்க்கும் ஊரிலிருந்து போனவள் நான். இதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன்.

பரிமாற வந்த பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். சட்டையில் பெயர்ப்பட்டை. மேசையருகே குந்தி, என் கண்மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, இன்று மாலை உங்களைக் கவனித்துக்கொள்ளப்போவது நான்தான் என்றாள். எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று மூன்று முறை வந்து கேட்டாள். பக்கத்து மேசையில் ஒருவருக்குப் பிறந்தநாள். நான்கு பணிப்பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். பாடி முடித்துச் சமையலறைப் பக்கம் திரும்பியதும் நான்கு முகங்களிலும் சிரிப்பு ஒன்றாக அணைந்தது. பில்லில் பன்னிரண்டரை விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தது. விருப்பமிருந்தால் மட்டும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. வேண்டாம் என்றால் அதை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். உணர்வுழைப்பு என்று தமிழில் சொல்லலாம். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்துதான் அவர் இதைச் சொன்னார். ஸ்டில்மன் துணை தேடிய அதே தொழில்காரப் பெண்களிடம் ஹாக்ஷில்ட் உழைப்பைப் பார்த்தார். சிரிப்பது அவர்கள் இயல்பென்று எல்லோரும் எண்ணியிருக்க, அது பயிற்சி கொடுத்து வாங்கப்படும் வேலை என்று காட்டினார்.

இந்தச் சிரிப்புக்கு ஒரு கூலிக் கணக்கும் உண்டு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு அமெரிக்க முதலாளி நேரடியாகத் தரவேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அது மாறவில்லை. பல மாநிலங்கள் கூடுதலாகத் தரச் சொல்கின்றன. மற்ற இடங்களில் வீட்டு வாடகை வாடிக்கையாளரின் மனநிலையைப் பொறுத்தது. தோளில் கை வைப்பவனிடமும் சிரித்துத்தான் ஆகவேண்டும். பிரிட்டனில் நிலைமை மேல். டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் கழிக்கக்கூடாது என்று 2009இல் விதி வந்தது. டிப்ஸை முதலாளி வைத்துக்கொள்ள முடியாது என்ற சட்டம் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கூலியைத் தொட்டது, சிரிப்பைத் தொடவில்லை. பட்டினி பயத்தில் பிறந்த அந்தச் சிரிப்பு, பயம் குறைந்த நாட்டிலும் கடையின் அடையாளமாக, வேலையின் நிபந்தனையாக நீடிக்கிறது.

சிரித்த முகத்தோடு சோறு போடுவது நல்லதுதானே, சிடுசிடுப்பா வேண்டும் என்று கேட்கலாம். சிரிப்பை நான் மறுக்கவில்லை. சிரிக்காமல் இருக்கும் உரிமை அவளுக்கு உண்டா என்று கேட்கிறேன். அன்று மாலை என் முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அவள் முகம் அப்படியல்ல. எனக்குக் கிடைத்த விடுதலையின் ஒரு பகுதி அவள் வேலைநேரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பெண்விடுதலையை வாடிக்கையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது.

சங்கப் பாடல்களிலும் இந்த இரண்டு பக்கங்கள் உண்டு. அதியமானோடு கள் பகிர்ந்த ஔவைக்குப் பெயர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. கள் விற்ற அரியற் பெண்டிர் தொழிற்பெயரோடு நின்றுவிட்டார்கள். லண்டன் பெண்ணுக்குப் பெயர்ப்பட்டை இருந்தது. ஆனால் அது அவள் பெயரை நான் உரிமையோடு கூப்பிடுவதற்காக மாட்டிவிட்டது. என் பெயரை அவள் கேட்கவில்லை, கேட்கும் இடத்தில் அவள் இல்லை.

உணவகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் ‘சேவை இதமாக இருந்தது’ என்று ஒரு வரி எழுதுவார்கள். இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்த வாக்கியத்தில் என் கண் நின்றுவிடுகிறது. செயல் இருக்கிறது, வினைமுதல் இல்லை. எத்தனை மணி நேரம் நின்றாள், இடையில் சாப்பிட்டாளா, அந்தப் பன்னிரண்டரை விழுக்காடு யார் கைக்குப் போகிறது, அத்துமீறும் வாடிக்கையாளனை வெளியே அனுப்ப மேலாளர் வருவாரா என்பதும் பர்கரின் பதத்தைப் போலவே எழுதப்பட வேண்டிய விவரங்கள்.