எள்ளலும் இளிவும்: இணையவழித் துன்புறுத்தலும் விவாத அரங்கும்

நாடகம் காண்பார் உள்ளத்தைப் பண்படுத்தும் என்பது பழைய கொள்கை. காண்பாரையே மேடையேற்றி, இடர்ப்பாட்டினின்று மீளும் வழியைத் தேடச் செய்வது புதிய கொள்கை. இணையவழித் துன்புறுத்தலை எதிர்கொள்ள இளையோரைப் பயிற்றுதற்கும் இப்புதிய நாடகம் இன்று கையாளப்படுகின்றது. அதன் ஆற்றலையும் குறையையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நாடக வகையை உருவாக்கியவர் பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் (1931-2009). அவர் 1971இல் சிறைப்பட்டுப் பின்னர்ப் புறநாட்டில் வாழ்ந்தார். பெரு நாட்டில் 1973இல் நடந்த எழுத்தறிவுப் பணியில் அவர் பங்கு கொண்டபோது, தம் கருத்தை நடிகர் சரிவர நடித்துக் காட்டவில்லை என்று அமைதியுறாத பெண் ஒருவர் தாமே மேடையேறினார். அந்நிகழ்ச்சியையே விவாத அரங்கின் தோற்றுவாயாகப் போவால் குறிப்பர். ஒடுக்கப்பட்டோன் தோல்வியில் முடியும் சிறு நாடகம் முதலில் நடிக்கப்பெறும். மீண்டும் நடிக்குங்கால் அவையோருள் ஒருவர் ‘நிறுத்து’ எனக் கூறி, ஒடுக்கப்பட்டோன் இடத்தை ஏற்று வேறு வழியை முயல்வர். பிற நடிகர் தத்தம் பாத்திர இயல்பு திரியாது அம்முயற்சியை எதிர்ப்பர். நடவாத தீர்வை அவையோர் ‘மாயம்’ என விலக்குவர்.

இவ்வரங்கு இணையவழித் துன்புறுத்தலுக்கு எவ்வாறு பொருந்தும்? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைக்கின்றது. அழுகைக்குரிய நான்கனுள் இளிவை முதற்கண் வைக்கின்றது. ஒரே செயல் ஒருவர்க்கு எள்ளலாய் நகையையும், மற்றொருவர்க்கு இளிவாய் அழுகையையும் விளைத்தல் உண்டு. வகுப்பறையில் எள்ளுவோன் எள்ளப்பட்டோன் முகத்தைக் காண்பான். கைபேசித் திரையிலோ நகுவார் ஓரிடத்தும் அழுவார் வேறிடத்தும் இருப்பர். பிரிந்து கிடக்கும் இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒருங்கே காட்ட வல்லது மேடை. தீர்வு காட்டுதலினும் இதுவே இவ்வரங்கின் தலையாய பயன் என்க.

இனி, குறையை நோக்குவோம். ஒடுக்கப்பட்டோன் இடத்தையே அவையோர் ஏற்றல் வேண்டும் என்பது போவாலின் அடிப்படை விதி. 14 அகவைச் சிறுமி ஒருத்தியின் படம் திரிக்கப்பட்டு வகுப்புத் தோழர் வாட்ஸ்அப் குழுவில் பரவுவதாக ஒரு நாடகம் கொள்வோம். அவளிடத்தை ஏற்பவர் மறுமொழி எழுதின் நகை பெருகும். குழுவினின்று நீங்கினும் படம் நீங்காது. ஆசிரியரிடம் முறையிடுதல் வேண்டுவதே. எனினும் அதற்குள் படம் பலர் கைப்பட்டிருக்கும். இவ்வாறு முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளருங்கால், துன்புற்றோரின் திறமின்மையே துன்பத்திற்குக் காரணம் என்னும் பிழைபட்ட முடிவை அவை எய்தக்கூடும். காக்க வந்த கலையே புண்பட்டோர்மேல் பழி சுமத்துவதாக முடியும்.

துன்புறுத்தல் இருவரிடை நிகழ்வதன்று. பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் உடனாய்வாளரும் 1996இல் வெளியிட்ட பள்ளி ஆய்வு, துன்புறுத்துவோர், துன்புறுவோர் ஆகியோருடன் துணைநிற்போர், ஊக்குவோர், காப்போர், ஒதுங்குவோர் எனப் பிறரையும் வகுத்துக் காட்டியது. ஐரோப்பாவில் விவாத அரங்கைத் தழுவிச் சிறுவர்க்கென உருவான ‘ஃபியர்நாட்’ என்னும் கணினி நாடகமும், காண்போரைத் துன்புற்றோர்க்கு அறிவுரை கூறும் தோழராகவே அமைத்தது. எனவே மேற்கூறிய நாடகத்தில், படத்தைக் கண்டு நகைக்குறி இட்டுப் பிறர்க்கு அனுப்பும் தோழன் இடமே அவையோர் ஏற்றற்குரியது. அவன் அனுப்பாது நிறுத்தலாம், குழுவில் மறுத்துரைக்கலாம், அச்சிறுமிக்குத் தனியே ஆறுதல் எழுதலாம்.

ஒடுக்கப்பட்டோனல்லாத பிறரை மாற்றின் நாடகம் ‘மாயம்’ ஆகாதோ எனின், ஆகாது. துன்புறுத்துவோனை நல்லவனாக மாற்றுதலே மாயம். இடைநின்று காண்போனை மாற்றுதல் அன்னதன்று. அவையிலுள்ள இளையோருட் பலர் வாழ்விலும் அவ்விடத்தில் நிற்பவரே. தம் இடத்தினின்று செயற்படப் பழகுதல் போவாலின் கருத்திற்கும் மாறாகாது. அவையிலுள்ள ஒருவரது உண்மைத் துயரைக் கதைப்பொருளாக்காமையும் நெறியாளர் கடன். அன்றேல் மேடையே மற்றொரு திரையாகிவிடும்.

விதியைக் காத்தலினும் விதியின் நோக்கத்தைக் காத்தல் சிறப்பு. எள்ளுவோர் நகையில் தன் நகையும் கலந்துள்ளதை ஓர் இளைஞன் மேடையில் உணர்வானாயின், இவ்வரங்கு தன் பணியைச் செய்ததாகும்.