சுவரில் இல்லாத மை

ஜெர்மனியில் ஐஸெனாக் ஊருக்கு மேலே, குன்றின் உச்சியில் நிற்கிறது வார்ட்பர்க் கோட்டை. அதன் பொருட்காட்சிசாலையில் பழம்பொருள்கள் எத்தனையோ உண்டு. ஆனால் ஜனங்கள் தேடிப் போவது ஒரு சிறிய அறையை. 1521-இல் தலைமறைவாக வந்த மார்ட்டின் லூதர் தங்கியிருந்த அறை அது. சாத்தான்மீது அவர் மைக்கூட்டை வீசினாராம். சுவரில் கறை படிந்ததாம். வந்தவர்கள் அதைச் சுரண்டி எடுத்துப் போனார்கள். காவலர்கள் மறுபடியும் மறுபடியும் மை பூசி வைத்தார்கள். இன்று கறை இல்லை.

இல்லாதது நல்லதுதான் என்பேன். கறை கட்டுக்கதை, அங்கே செலவான மை கதையல்ல. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அவர் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தது அந்த அறையில்தான். 1522 செப்டம்பரில் அது அச்சாயிற்று. வீட்டிலும் சந்தையிலும் பேசிய பேச்சுக்கு அதனால் எழுத்தில் ஒரு கௌரவம் கிடைத்தது. அந்த மையைக் காணக் குன்று ஏற வேண்டியதில்லை. புத்தகத்தைத் திறந்தால் போதும்.