‘நடிக்கிறான்’: ஓர் ஆவணப்படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து பின்னேரம் மீண்டும் குசினி தொடங்கும்வரை எமக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. நிலவறையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்து ரெலிபோனில் படம் பார்ப்போம். ‘ஹெல் காம்ப்: ரீன் நைற்மெயர்’ என்ற ஆவணப்படத்தை, என்னுடன் வேலைசெய்யும் அண்ணை ஒருவரும் நானும் இவ்வாறுதான் இரண்டு நாட்களில் பார்த்து முடித்தோம். லிசா வில்லியம்ஸ் இயக்கி 2023 டிசெம்பரில் நெற்ஃபிளிக்ஸில் வெளிவந்த படம். முடிந்ததும் அண்ணை கேட்டார்:

“தம்பி, இப்பிடி ஒரு இடம் இஞ்சையும் இருக்கோ? இவ்வளவு மோசமா வேண்டாம். சும்மா ஒரு மூண்டு மாதம் வைச்சிருந்து திருத்தி அனுப்புற மாதிரி?”

அவருக்குப் பதினைந்து வயதில் ஒரு மகன். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். ஊருக்கு அனுப்பி மாமன்காரனின் கையில் விடப்போவதாக அவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய கேள்வியைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அந்தப் பதில்தான்.

முதலில் படம். ஸ்ரீவ் கார்டிசானோ அமெரிக்க விமானப்படையில் இருந்தவர். 1988 இல் யூற்றா மாநிலத்தில் ‘சலஞ்சர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். போதைப்பொருள், பள்ளிக்கூடம் போகாமை, பெற்றோருக்கு அடங்காமை என்று பெயர் வாங்கிய பதின்வயதினரை 63 நாட்கள் பாலைநிலத்தில் நடக்கவைத்துத் திருத்துவதே அதன் வியாபாரம். கட்டணம் ஏறத்தாழ 16,000 டொலர். பெற்றோர் கையெழுத்திட்டால் போதும். பிள்ளையின் சம்மதம் தேவையில்லை. இரவில் முன்பின் தெரியாத முரட்டு ஆட்கள் அறைக்குள் நுழைந்து, படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோவார்கள். 1990 ஜூன் 27 இல், புளோரிடாவிலிருந்து அனுப்பப்பட்ட 16 வயதுப் பெண்ணொருத்தி கைபரோவிற்ஸ் மேட்டுநிலத்தில் வெயிலில் நடந்து, வெப்பத்தாக்கத்தால் விழுந்து இறந்தாள். வழக்கு நடந்தது. 1992 இல் ஜூரிகள் கார்டிசானோவைக் குற்றமற்றவர் என்றனர். யூற்றாவில் கதவு சாத்தப்பட்டபின் கரீபியன் கடலிலும், பின்னர் சமோவாத் தீவிலும் கடைவிரித்தார். 2019 இல் இறந்தார்.

படம் இவற்றை விறுவிறுப்பாகச் சொல்கிறது. அந்த விறுவிறுப்புத்தான் எனது முதலாவது முறைப்பாடு. நல்ல உடற்கட்டும் வாய்ச்சாலமும் கொண்ட ஒரு மனிதனைச் சுற்றியே கமரா சுழல்கிறது. பார்த்து முடிக்கும்போது, இந்த ஒரு மனிதன் இல்லாதிருந்தால் இது எதுவும் நடந்திராது என்ற எண்ணம் எமக்கு வந்துவிடுகிறது. வில்லன் செத்துவிட்டான், நாம் நிம்மதியாக வேலைக்குத் திரும்பலாம். ஆனால் 2024 பெப்ரவரியில், இவரோடு எந்தச் சம்பந்தமுமில்லாத ஒரு வட கரோலினா முகாமில், 12 வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்த மறுநாட் காலையே பிணமாகக் கிடந்தான். ஒருவர் மட்டுமே படுக்கக்கூடிய சிறு கூடாரப் பைக்குள் மூச்சடைத்து இறந்ததாகப் பிரேத பரிசோதனை சொன்னது. அவனுக்குப் பக்கத்தில் பணியாளர்கள் படுத்திருந்தார்கள். அம்முகாமின் அனுமதியை மாநில அரசு அதே ஆண்டு இரத்துச் செய்தது. ஆக, ஒரு மனிதனின் கெட்ட குணத்தை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது.

காட்டையும் பாலையையும் குற்றம் சொல்லவும் நான் தயாரில்லை. இந்த யோசனையின் வேரில் எம்மைப் போன்ற ஓர் அகதி இருக்கிறார். கூர்ட் ஹான், யூதக் குடும்பத்தில் பிறந்த ஜேர்மானிய ஆசிரியர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933 இல் சிறைவைக்கப்பட்டு, அதே ஆண்டு பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்தவர். 1941 இல் வேல்ஸ் கரையிலுள்ள அபர்டோவியில் ‘அவுற்வேர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்குவதில் முன்னின்றார். கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகள் கடலில் உயிர்தப்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் ஆரம்ப நோக்கம். பிள்ளையை உயிரோடு மீட்பதற்காகவே அவர்கள் அவனைக் கடலுக்கும் மலைக்கும் கொண்டுபோனார்கள். அந்த யோசனை 1960களில் அமெரிக்காவுக்குப் போனது. யூற்றாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன், படிப்பில் தோற்ற மாணவர்களைப் பாலைநிலத்துக்குக் கூட்டிச் சென்று உயிர்பிழைக்கும் கலையைப் பழக்கினார். கார்டிசானோவும் அந்தப் பல்கலைக்கழகச் சூழலிலிருந்து வந்தவர்தான். ஹானின் கையில் உயிர்காக்கும் பயிற்சியாக இருந்தது, ஐம்பது வருடங்களுக்குள் பெற்றோருக்கு விற்கும் தண்டனையாகிவிட்டது. இந்த மாற்றம் எவ்வாறு நடந்தது என்று படம் கேட்கவேயில்லை.

எனது இரண்டாவது முறைப்பாடு இதைவிடப் பெரிது. படத்தில் அன்றைய பணியாளர்கள் சிலரும் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது பெரும்பாலும் முதலாளியைப் பற்றியே. இத்தொழிலில் பிள்ளைகளோடு இரவுபகலாக இருப்பவர் முதலாளியுமல்ல, மனநல நிபுணருமல்ல. நிபுணர் கிழமைக்கொருமுறை வந்து கதைத்துவிட்டுப் போவார். மிச்ச நாட்களெல்லாம் இருபதுகளின் தொடக்கத்திலுள்ள, மலையேறும் ஆசையில் வேலைக்கு வந்த இளைஞர்களின் பொறுப்பு. பல நிறுவனங்களில் எட்டு நாள் காட்டில், ஆறு நாள் வீட்டில் என்று முறை. அவர்களும் அதே நிலத்தில்தான் படுக்கிறார்கள். அதே குளிர்தான். ஆனால் எப்போது நிற்பது, எப்போது தண்ணீர் குடிப்பது, யாருடைய காலில் உண்மையாகவே காயம் என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பழக்கப்படும் முதற்பாடம் ஒன்றுண்டு: இந்தப் பிள்ளைகள் பொய்யர்கள், வீட்டுக்குப் போவதற்காக எதையும் சொல்வார்கள், நம்பாதே.

இந்த ஒரு பாடம் என்ன செய்யும் என்பதை அறிய 1994 ஐப் பார்க்க வேண்டும். சலஞ்சரில் வேலைசெய்தவர்கள் யூற்றாவில் ஆரம்பித்த இன்னொரு நிறுவனத்துக்கு அரிசோனாவிலிருந்து 16 வயதுப் பையன் ஒருவன் அனுப்பப்பட்டான். கிழமைக்கணக்காக வயிற்றுநோவால் துடித்தான். சாப்பிட முடியவில்லை. உடல் எலும்பும் தோலுமானது. வழிகாட்டிகள் அவன் நடிக்கிறான் என்றார்கள். மார்ச் 31 இல் இறந்தான். குடற்புண் துளைத்து வயிற்றறை முழுவதும் கிருமி பரவியிருந்தது. அவன் எழுதிவந்த நாட்குறிப்பு மிஞ்சியது. பணியாளர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஜோன் கிராக்கவர் 1995 இல் ‘அவுற்சைட்’ சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையின் தலைப்பு, ‘சாகும்வரை அன்பு செலுத்துதல்’ என்று பொருள்படும். முப்பது வருடங்களுக்கு முந்திய அந்தக் கட்டுரை இந்தப் படத்தைவிட ஆழமாகப் போனதற்கு ஒரு காரணமுண்டு. அதில் பெற்றோரும் வழிகாட்டிகளும் சாதாரண மனிதர்களாக வருகிறார்கள். சாதாரண மனிதர்கள் ஒரு பிள்ளை சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் எவ்வாறு அதைக் காணாமற் போனார்கள் என்ற கேள்விதான் வாசிப்பவரைத் தொந்தரவு செய்கிறது.

‘நடிக்கிறான்’ என்ற சொல் எனக்குப் புதிதல்ல. அகதி விண்ணப்பத்துக்கான விசாரணையில் எனது முதுகிலுள்ள தழும்பைப் பற்றி மூன்று விதமாக மூன்று முறை கேட்டார்கள். நம்பாதே என்று முதலே பழக்கப்பட்ட ஒருவருக்கு முன்னால் உண்மையைச் சொல்வது எத்தகைய வேலை என்பது எம்மவர் பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு விட்ட படிப்பில் நான் கற்காத பாடம் அது.

ஆனால் இந்தப் படத்தைப் பார்த்தபோது என்னை உறுத்தியது அந்த விசாரணையல்ல. நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் குசினியில் கோப்பை கழுவ ஒரு பெடியன் வந்தான். பத்தொன்பது வயது, விசா இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு, உணவகம் நிறைந்திருந்த நேரத்தில், வயிறு நோகுது அண்ணை என்றான். நான் அப்போது அவனுக்கு மேலே இருந்தேன். நானும் கோப்பை கழுவி வந்தவன்தான். “நடிக்காதை, பத்து மணிக்குப் பிறகு பாப்பம்” என்றேன். பத்தரைக்கு அவன் குளிர்சாதன அறையின் வாசலில் சுருண்டு கிடந்தான். குடல்வால் வெடித்திருந்தது. அம்புலன்ஸ் வந்தது, உயிர் தப்பினான். பிறகு அவன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கெட்டவன் என்று நினைக்கவில்லை. அன்றிரவு யாரும் என்னை அப்படிச் சொல்லும்படி பணிக்கவுமில்லை. எனக்கு மேலே இருந்தவர்கள் என்னிடம் சொன்னதை நான் கீழே சொன்னேன். அவ்வளவுதான்.

இந்தப் படம் அந்த வழிகாட்டிகளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: நீங்கள் எந்த நாளில் நம்புவதை நிறுத்தினீர்கள்? முதலாளி எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்வார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் கூச வேண்டும். ஆவணப்படம் என்பது அந்தக் கூச்சத்துக்காகக் காத்திருக்கும் கலை. லிசா வில்லியம்ஸ் காத்திருக்கவில்லை.

அண்ணையின் கேள்விக்கு வருகிறேன். இங்கும் ஓர் இடம் இருக்கிறது. பெர்னார் ஒலிவியே என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர், பட்டுப்பாதை வழியே இஸ்தான்புல்லிலிருந்து சீனாவரை நடந்தவர், 2000 இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயர் ‘சேய்’. பிரெஞ்சில் வாசற்படி என்று அர்த்தம். சிறுவர் நீதிமன்றமோ சிறுவர் பராமரிப்பு அலுவலகமோ அனுப்பும் இளைஞர்கள் வேற்றுநாட்டில் ஏறத்தாழ மூன்று மாதம், 1,600 கிலோமீற்றரளவு நடக்கிறார்கள். கைத்தொலைபேசி இல்லை. கேட்பதற்கு சலஞ்சர் மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டு வித்தியாசங்கள். ஒன்று, பிள்ளை சம்மதிக்காவிட்டால் நடை இல்லை. மற்றது, ஒரு பிள்ளைக்கு ஒரு துணையாள். அவருக்கும் அதே பாரம், அதே தூரம். பிள்ளையின் காலில் கொப்புளம் வந்தால் இருவரும்தான் நிற்க வேண்டும். பொய் சொல்கிறானா என்று சந்தேகிப்பதால் துணையாளுக்கு ஒரு லாபமும் இல்லை. எல்லோரும் நடையை முடிப்பதில்லை. இது மந்திரமுமல்ல. ஆனால் ஹான் நினைத்ததற்குக் கிட்ட நிற்கிறது.

அமெரிக்காவில் 2024 டிசெம்பரில், இளைஞர்களை அடைத்துவைக்கும் இத்தகைய நிறுவனங்களை ஆராயும்படி ஒரு சட்டம் கையெழுத்தானது. ஆராயத்தான் சொல்கிறது. நல்லது, ஆராயட்டும். எமது வீடுகளை ஆராய எந்தச் சட்டமும் வராது. ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்ற சொல், இரவில் அறைக்குள் வரும் அந்த முரட்டு ஆட்களைப்போல, எமது பிள்ளைகள் பலரின் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதைச் சொல்பவர்களும் அன்பினால்தான் சொல்கிறார்கள். யூற்றாவுக்குப் பணம் கட்டிய பெற்றோரும் அப்படித்தான்.

அந்த அமைப்பைப் பற்றி அண்ணைக்குச் சொன்னேன். சம்மதம் வேண்டும் என்ற இடத்தில் அவர் நிறுத்தினார்.

“அவன் ஓமெண்டு சொல்லவேணுமோ?”

“ஓம் அண்ணை. முதல்லை அவனுக்கு என்ன பிரச்சினை எண்டு அவனைக் கேக்கவேணும்.”

“அவன் சொல்லுறது எல்லாம் பொய் தம்பி” என்றார் அண்ணை. பிறகு எழுந்து, வெங்காயச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.