பறித்த பூவும் படைத்த மணமும்

பிரான்சில் மே 1 அன்று தெருவுக்குத் தெரு மூகே விற்பார்கள். ஆங்கிலத்தில் லில்லி ஆஃப் தி வேலி எனப்படும் பூ. வளைந்த தண்டில் குட்டி வெள்ளை மணிகளாகத் தொங்கும். நாந்த் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஏப்ரல் பின்பாதியில் ஆட்கள் குனிந்து, தண்டு தண்டாகக் கையால் பறிக்கிறார்கள். இந்தப் பூவின் பெயரில் வந்த வாசனைச் செண்டுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் பறித்த பூ கிட்டத்தட்ட எந்தச் செண்டுக்குள்ளும் போவதில்லை.

மல்லிகையைக் கரைப்பானில் ஊறவைத்தால் மணம் இறங்கிவிடும். தமிழ்நாட்டு மல்லிகையிலிருந்து இப்படி எடுக்கும் சாரம் வெளிநாட்டுச் செண்ட் நிறுவனங்களுக்குப் போகிறது. மூகே அப்படி இணங்காது. நீராவியில் வடித்தாலும் கரைப்பானில் போட்டாலும் தொழிலுக்கு உதவும்படி பெரிதாக ஒன்றும் தேறாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் என்ற செயற்கைச் சேர்மம் கிடைத்த பிறகுதான் மூகேயின் மணத்தை நம்பும்படி உருவாக்க முடிந்தது. சொல்லப்போனால், மூகே செண்ட் முழுக்கவும் மனிதரின் கற்பனை.

அந்தக் கற்பனையின் உச்சம், 1956இல் டியோர் நிறுவனம் வெளியிட்ட டியோரிஸ்ஸிமோ. செண்ட் கலைஞர் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா, கிராஸ் ஊருக்கு அருகே தன் வீட்டுத் தோட்டத்தில் மூகே வளர்த்து, பூக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்த்து உருவாக்கியது. இனிப்பும் கனமும் மண்டிய செண்டுகளின் காலம் அது. அவர் சேர்த்துக்கொண்டே போகாமல் கழித்துக்கொண்டே போனார். முகரும்போது முதலில் வருவது ஒடித்த இலையின் பச்சை வாடையும் ஈரமும். அதற்குப் பிறகே, ரோஜாவின் சாயலோடு, பூ மெல்ல எழுகிறது. அடியில் மல்லிகை, மல்லிகையோடு வரும் இண்டோல் என்ற சேர்மத்தின் லேசான அழுகல் நெடி. வெள்ளைப் பூக்களின் மணத்துக்கு உயிர் தருவதே அந்த நெடிதான். அதை அடியோடு துடைத்துவிட்டால் எஞ்சுவது வெறும் சுத்தம். ருட்னிட்ஸ்கா துடைக்கவில்லை. அதனால்தான் அதில் பூவோடு, பூ நிற்கும் நிழலும் மண்ணும்கூடத் தெரிகின்றன. இதைப் போலி என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ஓவியத்து மாம்பழத்தில் சாறு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனை பெரிய திறமையை மறைக்கும் வழக்கத்தில்தான் குறை இருக்கிறது. கூடையையும் பறிக்கும் கைகளையும் காட்டி, வசந்தத்தில் கையால் பறித்த பூவின் மணம் என்று விற்கும்போது, பூ உள்ளே இருப்பதாகவே வாங்குகிறவர் நம்புகிறார். பறித்தவருக்கு அந்த விற்பனையில் பங்கில்லை. சேர்மத்தைக் கண்டெடுத்த வேதியியலாளருக்குப் பெயரும் இல்லை. ஐரோப்பாவில் விற்கும் ஒரு மூகே செண்டின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் பூப்படம், பின்னால் அல்லது அடியில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால். சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் சட்டம் அச்சிடச் சொன்ன பெயர் அது. சட்டம் இல்லையென்றால் அதுவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மூகே வாசச் சேர்மங்கள் சோப்புக்கும் துணி துவைக்கும் தூளுக்கும் போய்ச் சேர்ந்தது இன்னொரு சேதம். இன்று பலருக்கு இந்த வாசம் வந்ததும் பூவுக்கு முன்னால் துவைத்த துணிதான் நினைவுக்கு வருகிறது. பின்னால் வந்த பல மூகே செண்டுகளும் துணிந்து பச்சை வாடையையோ நெடியையோ சேர்க்காமல் அந்தச் சுத்தத்தோடு நின்றுவிட்டன.

பிறகு தடைகள் வந்தன. ஒவ்வாமை காரணமாக லைரால் என்ற வாசச் சேர்மத்தை 2021 ஆகஸ்டோடு ஐரோப்பிய ஒன்றியம் கடைகளிலிருந்து அகற்றியது. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யலாம் என்று வகைப்படுத்தப்பட்ட லிலியால் என்ற இன்னொரு சேர்மம் 2022 மார்ச் 1 முதல் அழகுப் பொருட்களில் தடையானது. இரண்டும் மூகே மணத்தின் தூண்களாக இருந்தவை. தடைகள் நியாயமானவை, தோலும் கருவும் மணத்தைவிட முக்கியம். ஆனால் சூத்திரம் மாறியதைப் பெட்டிகள் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதே பெயர், அதே பூப்படம், உள்ளே வேறு மணம். அம்மா பூசிய செண்டைத் தேடி வாங்கும் மகளுக்கு, மாறியது தன் மூக்கா செண்டா என்று தெரிய வழியே இல்லை. பழைய சூத்திரங்களைக் காத்துவைக்க வெர்சாய் நகரில் 1990 முதல் ஆஸ்மோதெக் காப்பகம் இருக்கிறது. எல்லாராலும் அங்கே போய் முகர்ந்துவர முடியாது. மணம் திருத்தப்பட்ட ஆண்டைப் பெட்டியில் அச்சிட ஒரு வரி இடம் போதும்; பூப்படத்தைச் சற்றுச் சுருக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும்.