சாவை எங்கே எழுதுவது?

என் அம்மாவின் இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் ‘வீடு’ என்று இருக்கிறது. பதினோரு நாட்கள் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர் அவர். பன்னிரண்டாம் நாள் காலையில் இளம் மருத்துவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல மேடம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார். சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்வதாக எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆம்புலன்ஸில் ஒரு பையன் பலூனை அழுத்தி அழுத்தி அம்மாவுக்கு மூச்சுக் கொடுத்தபடி வந்தான். கூடத்தில் பாயை விரித்துக் கிடத்திய அரை மணி நேரத்தில் அம்மா போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து அந்த மருத்துவமனையின் விளம்பரத் தட்டியைப் பார்த்தேன். அங்கே பிழைத்துச் சென்றவர்களின் சதவீதம் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தச் சதவீதத்துக்குள் என் அம்மாவும் இருக்கிறார், உயிரோடு.

நான் கவிதை கற்பிப்பவள். ஒரு வரியில் பேசுவது யார், பேசவிடாமல் நிறுத்தப்பட்டது யார் என்று கேட்பது என் தொழில். அன்றிலிருந்து எண்களையும் அப்படி வாசிக்கத் தொடங்கினேன். உள்நோயாளிகளின் இறப்பு விகிதம் ஒரு பின்னம். மேலே இறந்தவர்கள், கீழே அனுமதிக்கப்பட்டவர்கள். ஒரு மருத்துவமனை நன்றாகக் கவனிக்கிறதா என்பதை அந்தப் பின்னம் சொல்லிவிடும் என்று நம்புகிறோம். மேலே யாரைச் சேர்ப்பது, கீழே யாரை வைப்பது என்று முடிவு செய்பவர் யார் என்று கேட்பதில்லை.

பெண்களின் உடல்மீது இந்தப் பின்னம் எழுதப்பட்ட முக்கியமான இடம் வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். எந்த நாளில் வருகிறோம் என்பதைப் பொறுத்து எந்தப் பிரிவு என்பது முடிவாகும். 1846இல் முதல் பிரிவில் 4010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் இறந்தார்கள், 11.4%. இரண்டாம் பிரிவில் 3754க்கு 105, அதாவது 2.8%. பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்தார். 1847 மே மாதத்திலிருந்து குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். 1848இல் முதல் பிரிவின் விகிதம் 1.27% ஆனது.

மருத்துவ வரலாறு இதை ஒரு மேதையின் கதையாகச் சொல்கிறது. செம்மல்வைஸ் 1861இல் வெளியிட்ட நூலிலேயே வேறொரு கதையும் இருக்கிறது. முதல் பிரிவு என்று தெரிந்ததும் பெண்கள் மண்டியிட்டுக் கைகூப்பி, வெளியே விட்டுவிடும்படி கெஞ்சினார்கள். தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. அட்டவணை போடும் முன்பே ஏழைப் பெண்களுக்கு விடை தெரிந்திருந்தது. அவர்களுடைய அறிவு ‘பயம்’ என்று பெயர் பெற்றது. ஆண் மருத்துவர் அதை எண்ணாக்கிய பிறகும்கூட அவரையும் பலர் ஏற்கவில்லை.

அதே நூலில் இன்னொரு செய்தி. காய்ச்சல் கடுமையாகப் பரவிய நாட்களில் முதல் பிரிவின் தாய்மார்கள் பலர் பொது வார்டுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே இறந்தால் அது பிரசவப் பிரிவின் கணக்கில் வராது. அதைப் படித்தபோது ஆம்புலன்ஸில் பலூனை அழுத்திய அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் விளக்கேந்திய தாதியாகவே பாடப்புத்தகத்தில் சந்தித்தோம். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் நோயாளிகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று 1860இலேயே வலியுறுத்திய புள்ளியியலாளர் அவர். ஆனால், மருத்துவமனைகளைப் பற்றிய அவரது நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில் லண்டனின் 24 மருத்துவமனைகளுக்கு 90%க்கும் மேல் இறப்பு விகிதம் காட்டப்பட்டது. ஓர் ஆண்டின் சாவுகளை ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு அது. ஆண்டு முழுவதும் வந்துபோனவர்களால் வகுத்திருந்தால் பல மடங்கு குறைந்திருக்கும். மருத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். பெண் சொன்னாள் என்பதற்காகப் பிழை சரியாகிவிடாது.

நான் அவரை மதிப்பது வேறொன்றுக்காக. அவருடைய நிதியின் துணையோடு லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நடந்த பிரசவ வார்டில் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்தபோது, 1867இல் அந்த வார்டு மூடப்பட்டது. 1871இல் வெளியிட்ட நூலில், வீட்டில் பெறுபவர்களைவிட இத்தகைய வார்டுகளில் பெறுபவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்று எழுதினார். தன் வார்டின் சாவுகளையும் அதில் மறைக்கவில்லை.

இன்றைய கணக்கு இவ்வளவு வெகுளியானதல்ல. வயது, நோய் முதலியவற்றை வைத்து எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று மதிப்பிட்டு, உண்மையில் இறந்தவர்களை அதனுடன் ஒப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் இந்த விகிதம் உயர்ந்தபோது, நிர்வாகம் நோய்க் குறியீடுகளைப் பதிவதில்தான் கோளாறு என்றது. 2007இல் தன் தாயை அங்கே பறிகொடுத்த ஜூலி பெய்லி மற்ற குடும்பங்களைத் திரட்டினார். தண்ணீர் தர ஆளில்லை, அழைத்தால் வர ஆளில்லை என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். 2013இல் வெளிவந்த ராபர்ட் ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை அதை உறுதிசெய்தது. தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் இத்தனை என்று விகிதத்திலிருந்து கணக்கிடுவது சரியல்ல என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. விகிதம் கதவைத் தட்டும். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள்தான் சொல்ல முடியும்.

நம் ஊரில் இந்த விகிதத்தை வெறுமனே வாசித்தால் அநியாயமாகிவிடும். கைவிட்ட நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்கு அனுப்புகின்றன. சாவு அங்கே பதிவாகிறது. கதவைத் திறந்து வைத்திருப்பவர் மோசமானவராகவும் மூடியவர் சிறந்தவராகவும் தெரிகிறார்கள்.

எண்ண முடியாது என்பதில்லை. மகப்பேறு மரணத்தைத் தமிழ்நாடு எண்ணுகிறது. கர்ப்ப காலத்திலோ அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ அதன் காரணமாக ஒரு பெண் இறந்தால், இறந்தது வார்டிலா வழியிலா வீட்டிலா என்பது பொருட்டில்லை. ஒவ்வொரு மரணமும் விசாரித்துத் தணிக்கை செய்யப்படுகிறது. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. கர்ப்பிணியாக இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கிக் கல் நட்ட மண் இது. ஆனால் கருப்பை ஓய்ந்த பிறகு? எழுபத்திரண்டு வயது அம்மா எங்கே எப்படிச் செத்தார் என்று என்னை யாரும் வந்து கேட்கவில்லை.

இங்கிலாந்தில் 2011 முதல் வெளியிடப்படும் ஒரு குறியீடு, வீட்டுக்கு அனுப்பிய 30 நாட்களுக்குள் நிகழும் சாவையும் அனுப்பிய மருத்துவமனையின் கணக்கிலேயே சேர்க்கிறது. இங்கும் அதைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு, எத்தனை பேரைச் ‘சொந்த விருப்பத்தில்’ அனுப்பினீர்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அம்மா வீட்டில் இறந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அந்தத் தாளில் இருந்தது என் விருப்பமல்ல. விருப்பம் என்ற சொல்லை அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.