கண் பழகிய வெளிச்சம்

வாசுதேவநல்லூரில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். மேற்கே மலை நிற்பதால் சூரியன் பொழுதோடு அதன் பின்னால் இறங்கிவிடுகிறது. வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஆனால் தெருவிலும் எலுமிச்சைத் தோட்டத்திலும் நிழலே விழாது. ஆட்களின் முகமெல்லாம் ஒரே சீரான ஒளியில் தெரியும். காலையில் இதற்கு நேர்மாறு. கிழக்கு வெயில் நேரே மலைமேல் அடித்து ஒவ்வொரு மடிப்பையும் எடுத்துக்காட்டும். இந்த ஒளியில் வளர்ந்த கண்ணுக்குத்தான் பாலு மகேந்திராவை முதல் படத்திலேயே பிடித்துப்போயிற்று என்று நான் நம்புகிறேன்.

1988-இல் வந்த அவருடைய ‘வீடு’ படத்தில், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருவார். நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பார், அவ்வளவுதான். வெளியிலிருந்து உள்ளே வருகிற பகல் வெளிச்சம், அந்த முதிய உடம்பு, செங்கல். இவற்றுக்கு மேல் எதையும் அந்தக் காட்சி கேட்கவில்லை. அதே 1988-இல்தான் ‘அக்னி நட்சத்திரம்’ வந்தது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அதில் விளக்கை நேராக லென்ஸுக்குள் அடிக்கவிட்டார். முகம் பாதி இருட்டில் கிடக்கும், பின்னாலிருந்து ஒளி பீறிடும். ஒரே வருஷத்தில், ஒரே மொழியில், ஒளியைப் பற்றி இவ்வளவு எதிரெதிரான இரண்டு எண்ணங்கள்! இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

என் பெரியப்பா மகன் ஒருவர் சங்கரன்கோவில் பக்கம் கரிசலில் விவசாயம் பார்க்கிறார். அவருக்கு ஷங்கர் படம்தான் படம். “வறண்ட காட்டைத்தான் வருஷம் பூராப் பாக்கேன்லா. தியேட்டர்லயும் அதையே காட்டுனா எப்படிடே?” என்பார். நெடுநாள் நான் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை, ஏனென்றால் அது முழுக்க நியாயமான கேள்வி.

ரசனையில் எங்கள் இருவருக்கும் பொதுவான ஊர் ஒன்று உண்டு: தென்காசிக்குப் பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரம். 1992-இல் மணிரத்னம் ‘ரோஜா’வின் கதாநாயகியை இந்த ஊர்க்காரியாக வைத்தார். ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் காட்டிய கிராமம் தண்ணீரும் பச்சையுமாகக் கண்ணில் நிற்கிறது. பிற்பாதியில் வரும் பனியின் வெண்மைக்கு எதிர்ப்பக்கம் அந்தப் பச்சை. முன்னதை மனம் இழந்தால்தான் பின்னது குளிரும். 2005-இல் வெளிவந்த ‘அந்நியன்’ படத்தின் குழுவும் ஒரு பாட்டுக்காக அதே ஊருக்கு வந்தது. ஷங்கருக்கு அங்கே இருந்த நிறம் போதவில்லை. பாறைமேல் நடிகர்களின் முகங்களைத் தீட்டினார்கள், வீட்டுச் சுவர்களுக்கும் லாரிகளுக்கும் வண்ணம் அடித்தார்கள். கலை இயக்கம் சாபு சிரில். இன்றும் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் அங்கே வருகிறவர்கள் ‘அந்நியன் பாறை’ எங்கே என்றுதான் விசாரிக்கிறார்கள்.

பாறைக்கு வண்ணம் அடிப்பது எனக்கு உவப்பில்லை. பாறையின் நிறமே வெயிலோடு மாறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் ஒரு முகம் எதற்கு என்று தோன்றும். ஆனாலும் அந்தப் பாட்டை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கோயில் கொடைக்குச் சீரியல் விளக்குக் கட்டியதும் ஊருக்கே ஒரு களை வருமே, அது அவர் முகத்தில் வந்தது. அழகைத் தேடிப்போவது ஒரு ரசனை என்றால், அழகை உண்டாக்கச் சொல்வதும் ரசனைதான். நம் கோபுரங்கள் பலவும் சாந்தமான நிறத்தில் இல்லையே.

ஒளிப்பதிவாளர்தான் காட்சிக்குச் சொந்தக்காரர் என்று நினைப்பவர்கள் தேனி ஈஸ்வரின் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். 2018-இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ ஒன்று. 2021-இல் வந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ மற்றொன்று.

முதல் படத்தில் கேமரா சுமைகாரரோடு மலையேறும். அவசரமே கிடையாது. காணி வாங்கும் கனவோடு ரங்கசாமி தூக்கிவரும் ஏலக்காய் மூட்டை நழுவிப் பள்ளத்தில் உருளும்போது, துக்கத்தைப் பெரிதாக்க எந்த வித்தையும் இல்லை. மலை எவ்வளவு ஆழம் என்பது மட்டும் தெரியும், அதிலேயே எல்லாம் சொல்லியாயிற்று. கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்திலேயே அவர் காவலாளியாக உட்கார்ந்திருப்பார். கேமரா மேலே போகப் போகக் காற்றாலைகள் நிறைந்துகொண்டே வரும். சுரண்டை, கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் போகிற எங்களுக்கு அந்த ஷாட் புரிய விளக்கம் தேவையில்லை.

‘கர்ணன்’ எடுத்த எடுப்பிலேயே மேலிருந்து பார்க்கும். நடுரோட்டில் வலிப்பு வந்து கிடக்கும் சிறுமியின் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்காமல் போகும். அதற்குப் பிறகு முகமூடி, கழுகு, முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை என்று ஒவ்வொன்றும் சாமியாடியின் வேகத்தோடு வந்து விழும். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் பார்த்துக்கொண்டு நிற்கும் அதே கண் இங்கே குறிபார்க்கிறது. சிலருக்கு இந்தக் குறியீடுகள் மிகையாகப் படுகின்றன. எனக்கும் இரண்டொரு இடத்தில் அப்படித்தான். ஆனால் அந்தக் கழுதை கட்டு அறுந்து மேடேறும்போது என் ரசனைக் கணக்கெல்லாம் நின்றுபோகிறது. அண்ணனுக்கும் அந்த இடம் பிடித்தது. “இது படம்டே” என்றார். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் மட்டும் பாதியில் எழுந்துவிட்டார்.

எங்கள் ஊர்ச் சாயங்காலத்தை யாராவது முறையாகப் படமெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ‘கடைசி விவசாயி’யைத் தானே ஒளிப்பதிவு செய்து இயக்கிய மணிகண்டன் வந்தால் நல்லது. எலுமிச்சைத் தோட்டத்தில் அந்த நிழலில்லாத அரைமணி நேரம் அவருக்குப் போதும். அண்ணனைக் கேட்டால் ஷங்கர்தான் வர வேண்டும் என்பார். மலையடிவாரம் நெடுக எலுமிச்சை மஞ்சளை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்வார்.