பழுதான சிப்பும் ஒரு பாவைப் பெண்ணும்

சித்திரக்கதை என்றால் சின்னப்பிள்ளைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்குகிற பழக்கம், தமிழ் சிறப்புப் படிப்புப் படித்த எங்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. எனக்கும் இருந்தது. மூத்த மகள் சிநேகிதியிடம் இரவல் வாங்கி வந்த 'வயர்ஸ் அன்ட் நேர்வ்' இரண்டு பாகங்களையும், பரீட்சை நேரத்தில் இதென்ன வேலை என்று பறித்து வைத்தவள் நான்தான். பறித்த இரவே முதலாம் பாகத்தை வாசித்து முடித்தவளும் நான்தான். "உம்மா, எனக்கு ஏசிப்போட்டு நீங்க வாசிக்கிறீங்களா?" என்று காலையில் அவள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

எழுதியவர் அமெரிக்கரான மரிஸ்ஸா மேயர். 'லூனார் குரோனிக்கிள்ஸ்' என்ற தொடரால் பதின்ம வயதினரிடையே பெயர் பெற்றவர். சின்டர் (2012), ஸ்கார்லட் (2013), கிரெஸ் (2014), வின்டர் (2015) என்ற அதன் பிரதான நான்கு நாவல்களும் முறையே சின்ட்ரெல்லா, சிவப்புத் தொப்பிச் சிறுமி, ரபுன்ஸல், ஸ்னோ வைட் ஆகிய பழைய கதைகளை எதிர்காலத்துக்குக் கொண்டுபோகின்றன. சின்ட்ரெல்லா இங்கே நியூ பீஜிங் சந்தையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக். ஒரு கையும் ஒரு காலும் இயந்திரம். சந்திரனை ஆளும் கொடிய இராணியை வீழ்த்திவிட்டுக் கடைசியில் அவளே அங்கு அரசியாகிறாள். அந்தப் போர் முடிந்த பிறகு நடப்பதுதான் இந்தச் சித்திர நாவல். முதலாம் பாகம் டக்ளஸ் ஹொல்கேட்டின் ஓவியங்களோடு 2017இலும், 'கோன் ரோக்' எனும் இரண்டாம் பாகம் ஸ்டீபன் கில்பினின் ஓவியங்களோடு 2018இலும் வெளிவந்தன.

நான்கு நாவல்களிலும் வரும் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் பின்னால் ஒரு பழங்கதை நிற்கிறது. அது என்னவென்று தெரிந்திருப்பதால் முடிவு எப்படி வரும் என்றும் ஓரளவு தெரியும். இந்தச் சித்திர நாவலின் நாயகி ஐகோவுக்கு மட்டும் அப்படி ஒரு கதை இல்லை. அவள் அண்ட்ராய்ட், மனித உருவில் செய்யப்பட்ட இயந்திரம். சின்டரின் சிற்றன்னை வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். பழங்கதையில் வேலைக்காரிக்கு ஏது தனிக் கதை? பூசணிக்காயை இழுத்துப்போகும் எலியின் இடம்தான் அவளுடையது. மேயர் அந்த எலியை நடுமேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார். நாவலின் முதல் துணிச்சல் இது. தலைப்பிலுள்ள நேர்வ் என்ற சொல்லுக்கு நரம்பு என்றும் துணிச்சல் என்றும் இரண்டு பொருள். இரண்டுமே ஐகோவுக்குப் பொருந்துகின்றன.

செய்யப்பட்ட பெண் என்பது புதிய கற்பனை ஒன்றுமல்ல. 1206இல் எழுதி முடிக்கப்பட்ட அல்-ஜஸரியின் பொறிகள் பற்றிய நூலில், கொஞ்ச நேரத்துக்கொரு தடவை கதவைத் திறந்துகொண்டு வந்து கிண்ணத்தை நீட்டும் பணிப்பெண் பொறி ஒன்று உண்டு. எங்கள் அறிஞர்களின் கெட்டித்தனத்துக்கு உதாரணமாக மேடைகளில் அதைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தப் பொறிக்கு ஏன் பணிப்பெண்ணின் உருவம் கொடுக்கப்பட்டது என்று நாங்கள் நின்று யோசித்ததில்லை. ரோபோ என்ற சொல்லே 1920இல் செக் எழுத்தாளர் காரல் சாபெக்கின் நாடகம் ஒன்றிலிருந்து வந்தது; அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். எங்கள் சங்கப் பாட்டுகளில் கொல்லிப்பாவை வருகிறாள். கொல்லிமலையில் தெய்வம் செய்துவைத்த பெண் உருவம் அது. தலைவியின் அழகுக்கு உவமை. பாவை என்ன நினைத்தாள் என்று நான் படித்த பாட்டு எதிலும் யாரும் கேட்கவில்லை. செய்தவரும் இருக்கிறார், பார்க்கிறவரும் இருக்கிறார், அவள் மட்டும் இல்லை.

ஐகோ வாய் ஓயாமல் பேசுகிறாள். உடுப்புகளில் ஆசை, அழகான பையன்களைக் கண்டால் மயக்கம், சிநேகிதிக்காக எதையும் செய்யும் பிடிவாதம். இதற்கெல்லாம் நாவல்கள் தரும் விளக்கம் ஒன்றுதான்: அவளுடைய ஆளுமைச் சிப் பழுது. முதலாவது நாவலில் சிற்றன்னை அவளைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்றுவிடுகிறாள். பழுதான சிப்பை மட்டும் வாங்க ஆளில்லை. அதனால்தான் அது சின்டரின் கையில் மிஞ்சுகிறது. சும்மா சொல்லக்கூடாது, தொடர் முழுவதிலும் என்னை அதிகம் பாதித்த இடம் அதுதான். சந்தையில் விலை போகாத ஒன்றில்தான் அந்தப் பெண் இருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் அந்தச் சிப்பின் உண்மைக் கதை வெளிப்படுகிறது. அதை இங்கே சொன்னால் வாசிக்க இருப்பவர்கள் என்னை ஏசுவார்கள். ஆனால் அப்படி ஒரு விளக்கம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஒருத்தி இரக்கமுள்ளவளாக இருந்தால் அதற்குத் தொழில்நுட்பக் காரணம் காட்டும்படி மனிதர்களிடம் யாரும் கேட்பதில்லை. பழுது என்று விட்டிருந்தால் அதில் ஒரு மர்மம் இருந்திருக்கும்.

ஐகோவுக்கு இதுவரை மூன்று உடல்கள். முதலில் வேலைக்கார இயந்திரம், பிறகு சிப்பை விண்கப்பலில் பொருத்தியதால் கப்பல், மூன்றாவதாக எஸ்கோர்ட் ட்ரொயிட் எனப்படும் துணைவிப் பொறியின் உடல். மாநிறம், நீலப் பின்னல்கள், குறையில்லாத முகம். ஐகோ இந்த உடலைக் கொண்டாடுகிறாள். வாசிக்கிற பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து கொண்டாடுகிறார்கள். ஆனால் அது யாருடைய ஆசைக்காகச் செய்யப்பட்ட உடல் என்ற விடயத்தைப் பதின்ம வயதினருக்கான நூல் என்பதால் மேயர் மெல்லத் தாண்டிப் போகிறார். தாண்டியதில் குற்றம் காண மாட்டேன், என் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்றாலும் வேலைக்காரி உடலிலிருந்து துணைவி உடலுக்கு வந்ததை விடுதலை என்று மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை.

கதையின் மையம் ஓநாய்ப் படையினர். இறந்துபோன இராணி சிறுவர்களைக் குடும்பங்களிலிருந்து பிரித்தெடுத்து, உடலை மாற்றி, பாதி ஓநாயாக்கிப் பூமிக்குப் போருக்கு அனுப்பியிருந்தாள். போர் முடிந்த பிறகும் சில கூட்டங்கள் சரணடையாமல் பூமியில் அலைகின்றன. அவர்களையும் அவர்களுடைய தலைவனையும் தேடிப் பிடிக்கும் வேலையை ஐகோ தானாகவே ஏற்றுக்கொள்கிறாள். அந்தத் தலைவனின் பெயர் லைசாண்டர் ஸ்டீல். அவன் கேட்பது ஒன்றே ஒன்று: எங்களைப் பழையபடி மனிதராக்குங்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். போர் முடிந்த நாட்டில் வாழ்கிற எங்களுக்கு, சிறுவயதில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைப் பிறகு என்ன செய்வது என்பது சந்திரனில் மட்டும் எழுகிற கேள்வி அல்ல. ஒரு பக்கம் மனிதராக எண்ணப்படாத இயந்திரம், தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. மறுபக்கம் மனிதராகப் பிறந்தவர்கள், பறிபோன உடலைத் திருப்பிக் கேட்கிறார்கள். இவ்வளவு நல்ல எதிர்நிலையை அமைத்துவிட்டு மேயர் என்ன செய்கிறார்? ஸ்டீலின் கையில் பணயக்கைதிகளைக் கொடுக்கிறார், வாயில் படுகொலை மிரட்டலை வைக்கிறார். அதன் பிறகு அவனுடைய கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்கும் கடமை வாசகருக்கு இல்லாமல் போகிறது. நாவலில் மிக நியாயமான வசனத்தைப் பேசுகிறவன் வில்லன். வில்லன் பேசுவதாலேயே அது வீணாகிறது.

நாவலுக்குள்ளேயே இதற்கு மாற்று இருந்தது. ஸ்கார்லட்டின் துணைவனான வுல்ஃப், அதே படையில் இருந்து அதே சத்திரசிகிச்சைக்கு ஆளானவன். அவனை நேசிக்க ஒருத்தி இருந்தாள், அவன் தப்பினான். நேசிக்க ஆளில்லாத மற்றவர்கள் பிடிபட வேண்டியவர்கள். ஐகோவும் வுல்ஃபும் தனியாக இருந்து இதைப் பேசுகிற நாலு பக்கம் இருந்திருந்தால், மற்றக் குறைகளையெல்லாம் நான் மறந்திருப்பேன். அதற்குப் பதிலாக அரச காவலன் லியாம் கின்னியோடு காதல் வளர்கிறது. ஐகோவை முதலில் வெறும் இயந்திரமாகப் பார்த்தவன் அவன். அந்தப் பகுதிகள் இனிமையாகத்தான் இருக்கின்றன. மகளுக்கு மிகவும் பிடித்ததும் அவைதான். ஆனால் ஐகோ மனுஷிதான் என்பதற்குக் கடைசிச் சான்றிதழ் ஓர் ஆண்பிள்ளையின் பார்வையிலிருந்து வரவேண்டுமா? அரசியான சிநேகிதி அதை எப்போதோ கொடுத்துவிட்டாளே.

ஓவியங்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. முதலாம் பாகம் முழுவதும் நீல மையின் சாயைகள்தான். ஆரம்பத்தில் அச்சகத்தின் சிக்கனம் என்று நினைத்தேன். போகப்போக, ஐகோவின் தோலுக்கும் ஸ்கார்லட்டின் தோலுக்கும் நிற பேதம் மங்கி, எல்லாரும் ஒரே நீலத்தில் இருப்பது பொருத்தமாகவே பட்டது. இரண்டாம் பாகத்தில் ஓவியர் மாறியதால் முகங்களும் சற்று மாறுகின்றன. மகளுக்கு அது பெரிய மனக்குறை. ஐகோவுக்குத்தான் உடல் மாறிப் பழக்கமாச்சே என்று சொல்லிப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

சுஜாதாவின் ஜீனோ என்ற ரோபோ நாயோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ மனிதரை விடக் கெட்டிக்காரன், ஆனாலும் நாய். அதைத் தாண்டி, தன் உடலைப் பற்றியும் தன் உரிமையைப் பற்றியும் பேசுகிற ஓர் இயந்திரப் பெண்ணை இளையோருக்காகத் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் அறியத் தந்தால் எங்கள் பாடசாலை நூலகத்துக்கு வாங்கலாம். மேயரின் இரண்டு பாகங்களையும் உரியவளிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.